ரெக்ரூட்டிங் சேவைக்குப் பணம் கட்டலாமா? சிறிய கல்லூரிக் கூடைப்பந்துக்கு ஒரு மதிப்பீடு

அமெரிக்காவில் பத்தாவது, பதினொன்றாவது படித்துக்கொண்டு கூடைப்பந்து ஆடும் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு, கல்லூரிக் கோச்சுகளிடம் பிள்ளையை அறிமுகம் செய்து வைப்பதாகச் சொல்லும் ரெக்ரூட்டிங் சேவையின் போன் எப்படியும் வந்துவிடும். "உங்கள் பிள்ளையின் ஆட்டத்தைப் பார்த்தோம். கல்லூரியில் ஆடும் தகுதி இருக்கிறது. அப்பா அம்மா இருவரும் இருக்கிற நேரமாகப் பார்த்துப் பேசலாமா?" என்று ஆரம்பிப்பார்கள். பேச்சு முடியும்போது மூன்று பேக்கேஜ்கள் திரையில் நிற்கும். ஒன்று சில நூறு டாலர், ஒன்று சில ஆயிரம் டாலர், நடுவில் ஒன்று. இன்றைக்கே சேர்ந்தால் தள்ளுபடி உண்டு. நிறுவனத்தின் பெயர் எதுவானாலும் உள்ளே இருக்கும் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான்: ஒரு புரொஃபைல் பக்கம், ஹைலைட் வீடியோ, நூற்றுக்கணக்கான கோச்சுகளுக்கு மொத்தமாகப் போகும் மின்னஞ்சல், 'மதிப்பீட்டு அறிக்கை', அவ்வப்போது ஓர் ஆலோசகருடன் பேச்சு, கோச்சுகள் முன் ஆடிக் காட்டும் ஷோகேஸ் முகாம்களுக்கு அழைப்பு. ஆகவே எந்த நிறுவனத்தையும் தனியே எடுக்காமல், என்சிஏஏ என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பின் கீழ்மட்டப் பிரிவுகளான டிவிஷன் 2, டிவிஷன் 3, சிறிய கல்லூரிகளுக்கான தனி அமைப்பான என்ஏஐஏ ஆகியவற்றின் கல்லூரிகளில் இடம் தேடும் பிள்ளைக்கு இந்தச் சரக்கில் ஒவ்வொன்றும் எவ்வளவு பெறும் என்று இங்கே பார்க்கலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வீடியோவுக்குக் கொடுக்கும் பணம் சில குடும்பங்களுக்குத் தகும். ஆலோசனைக்குக் கொடுப்பது, வீட்டில் யாருக்கும் இந்த நடைமுறை தெரியாத பட்சத்தில், ஓரளவுக்குத் தகும். மொத்த மின்னஞ்சலும் மதிப்பீட்டு அறிக்கையும் தகாது. சிறிய கல்லூரி கோச் பட்டியலைப் பார்த்து ஆள் எடுப்பவர் அல்ல. தான் நம்பும் ஒருவர் சொன்ன சொல்லையும், தன் கண்ணால் பார்த்த முழு ஆட்டத்தையும் வைத்து முடிவெடுப்பவர். இந்த ஆட்டத்தின் பழைய பெயர்கள் பலவும் அப்படித்தான் வெளியே வந்தன.

பணக் கணக்கு

விற்பனை போனில் 'ஸ்காலர்ஷிப்' என்ற சொல் அடிக்கடி வரும். எந்த மட்டத்தில் என்ன கிடைக்கும் என்பதை முன்பே தெரிந்து வைத்திருந்தால் பாதி மயக்கம் தெளிந்துவிடும்.

டிவிஷன் 3-இல் 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே விளையாட்டுக்கான ஸ்காலர்ஷிப் ஒரு டாலர்கூடக் கிடையாது. நிதியுதவியைத் தீர்மானிக்கும்போது விளையாட்டுத் திறனைக் கணக்கில் எடுக்கவே கூடாது என்பது விதி. அங்கே கிடைப்பது மதிப்பெண்ணுக்கான உதவியும், குடும்ப வருமானத்தைப் பொறுத்த உதவியும்தான். டிவிஷன் 2-இல் சுமார் 300 கல்லூரிகள். ஒரு கூடைப்பந்து அணிக்கு அதிகபட்சம் 10 முழு ஸ்காலர்ஷிப்புக்குச் சமமான தொகை. அதைக் கோச் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் துண்டு போட்டுக் கொடுக்கலாம். எல்லாக் கல்லூரிகளும் அந்தப் பத்தையும் நிரப்புவதில்லை. என்ஏஐஏ 2020-21 சீசனில் தன் இரண்டு பிரிவுகளையும் ஒன்றாக்கியது. இப்போது அங்கே உச்சவரம்பு 8.

கணக்குக்காக எண்களை வைத்துப் பார்ப்போம். ஒரு டிவிஷன் 2 கல்லூரியின் ஆண்டுச் செலவு 40,000 டாலர், கோச் தருவது 30 சதவீதம் என்றால் கையிலிருந்து போவது 28,000. ஒரு டிவிஷன் 3 தனியார் கல்லூரியின் அறிவிப்பு விலை 55,000, மதிப்பெண்ணுக்காக 25,000 தள்ளுபடி என்றால் போவது 30,000. வித்தியாசம் 2,000 டாலர்தான். ஆனால் இரண்டின் தன்மையும் வேறு. விளையாட்டுப் பணம் பெரும்பாலும் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படுவது. கோச் மாறினால் பேச்சும் மாறலாம். மதிப்பெண் உதவி ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) குறையாதவரை இருக்கும். முழங்கால் தசைநார் அறுந்து ஆட்டத்தையே விட்டாலும் அது போகாது. 'டிவிஷன் 3 என்றால் பணம் கிடையாது' என்று அந்தப் பக்கமே திரும்பாத குடும்பங்கள் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகின்றன.

இதைத் தெரிந்துகொள்ளச் சேவை எதுவும் வேண்டாம். 2011-இலிருந்து, கூட்டரசு நிதியுதவித் திட்டங்களில் பங்கெடுக்கும் கல்லூரிகள் தங்கள் தளத்தில் 'நெட் பிரைஸ் கால்குலேட்டர்' வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். வருமானம், சேமிப்பு, ஜிபிஏ மூன்றையும் போட்டால் இருபது நிமிடத்தில் ஒரு மதிப்பீட்டுத் தொகை வரும். பதினொன்றாவது படிக்கும்போதே எட்டு, பத்துக் கல்லூரிகளுக்கு இதைப் போட்டுப் பார்த்துவிட்டால், சேவை விற்பவர் காட்டும் பட்டியலில் எது கட்டுப்படியாகும், எது ஆகாது என்பது அவருக்கு முன்பே உங்களுக்குத் தெரியும்.

புரொஃபைல் பக்கமும் மொத்த மின்னஞ்சலும்

புரொஃபைல் பக்கத்தில் இருப்பது பெயர், உயரம், பட்டம் முடிக்கும் ஆண்டு, ஜிபிஏ, வீடியோ இணைப்பு. இதற்குப் பணம் கொடுக்கக் காரணமே இல்லை. பள்ளி அணியிடம் ஆட்ட வீடியோ தளமான ஹட்லின் சந்தா இருந்தால், ஆட்டக்காரருக்கு அங்கே இலவசமாகவே ஒரு பக்கம் இருக்கும். அணி ஏற்றிய ஆட்டங்களிலிருந்து ஹைலைட் வெட்டிச் சேர்க்கவும் முடியும். அது இல்லாவிட்டால் யூடியூப் போதும். இணைப்பைத் தட்டினால் லாகின் கேட்கக் கூடாது என்பது ஒன்றுதான் முக்கியம். பிரவுசரின் தனிச் சாளரத்தில் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள். 'அனுமதி தேவை' என்று நிற்கும் இணைப்பை எந்தக் கோச்சும் இரண்டாம் முறை தொடமாட்டார்.

மொத்த மின்னஞ்சல்தான் பேக்கேஜின் அலங்காரப் பொருள். '43 கோச்சுகள் உங்கள் பக்கத்தைப் பார்த்தார்கள்' என்ற அறிக்கை வாரம் ஒரு முறை வரும். பார்த்தார்கள் என்பது ஆர்வம் என்று பொருளாகாது. சேவையின் முகவரியிலிருந்து, ஒரே வார்ப்பில், பெயர் மட்டும் மாற்றி வரும் கடிதத்தைக் கோச் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொள்வார். டிவிஷன் 3 அணி பலவற்றில் முழுநேர உதவியாளர் ஒருவர் இருந்தாலே பெரிது. பயணம், ஆட்டப் பதிவு, சேர்க்கை அலுவலகம் எல்லாம் அவர் தலையில்தான். அவருக்குக் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் படிக்கத்தக்க கடிதம் ஒன்றுதான்: ஆட்டக்காரர் தானே எழுதியது, அந்தக் கோச்சின் அணியைப் பற்றி ஏதோ தெரிந்தவர் எழுதியது.

அப்படி எழுதுவது கடினமல்ல. தலைப்பு வரியிலேயே எல்லாம் வந்துவிட வேண்டும்: '2027, பாயிண்ட் கார்டு, 6 அடி 1 அங்குலம், ஜிபிஏ 3.7, ஒஹாயோ'. உள்ளே முதல் வரியில் ஏன் இந்தக் கல்லூரி என்று சொல்ல வேண்டும். 'உங்கள் கல்லூரி எனக்கு மிகவும் பிடிக்கும்' என்பது பயன்படாது. 'உங்கள் இரண்டு கார்டுகளும் 2027-இல் முடிக்கிறார்கள், நீங்கள் முழு மைதானத்திலும் அழுத்தி ஆடுகிறீர்கள், எங்கள் பள்ளியிலும் அதே முறைதான்' என்பது பயன்படும். அடுத்து மூன்று நிமிட வீடியோ இணைப்பு, இரண்டு முழு ஆட்ட இணைப்பு, வரப்போகும் ஆட்டங்களின் தேதியும் இடமும், பள்ளிக் கோச், கிளப் கோச் இருவரின் எண்கள். தலைமைக் கோச், உதவிக் கோச் இருவருக்கும் அனுப்புங்கள். இரண்டு வாரம் கழித்துப் புதிய வீடியோவோ புதிய மதிப்பெண்ணோ வைத்து ஒரு முறை நினைவூட்டலாம். பெற்றோர் எழுதக் கூடாது. அம்மா எழுதிய கடிதத்தில் பிள்ளையின் கையெழுத்து மட்டும் இருந்தால் அதையும் கோச் கண்டுபிடித்துவிடுவார்.

ஒரு சொல்லின் எடை

பின்னாளில் என்பிஏ நட்சத்திரமான ஸ்காட்டி பிப்பன் பள்ளி முடித்தபோது உயரம் சுமார் 6 அடி 1 அங்குலம். எந்தக் கல்லூரியும் ஸ்காலர்ஷிப் தரவில்லை. அவருடைய பள்ளிக் கோச், சென்ட்ரல் ஆர்கன்சா கோச் டான் டையரிடம் கேட்டுக்கொண்டதால், அணி மேனேஜர் வேலையோடு உள்ளே போனார். அன்றைக்கு அது என்ஏஐஏ கல்லூரி. அங்கே படிக்கும்போதே 6 அடி 7 அங்குலத்துக்கு மேல் வளர்ந்தார். கடைசி ஆண்டான 1986-87-இல் ஆட்டத்துக்கு 23.6 புள்ளி. என்பிஏ அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 1987 டிராஃப்டில் ஐந்தாவது ஆளாக எடுக்கப்பட்டுச் சிகாகோவுக்குப் போனார். பள்ளிப் பருவத்தில் அவரை அளந்து எழுதும் எந்த மதிப்பீட்டு அறிக்கையும் என்ன எண் போட்டிருக்கும்? அந்த அறிக்கை அன்றைய உயரத்தையும் அன்றைய வேகத்தையும் மட்டுமே பார்க்கும். தினமும் பயிற்சியில் பார்த்த பள்ளிக் கோச்சின் ஒரு வார்த்தை அதற்கு அப்பால் போனது.

டங்கன் ராபின்சன் கதை இன்னும் அண்மையது. பள்ளிக்குப் பின் ஓர் ஆண்டு கூடுதலாகப் படித்துவிட்டு, மாசசூசெட்ஸில் உள்ள டிவிஷன் 3 கல்லூரியான வில்லியம்ஸில் சேர்ந்தார். 2014 டிவிஷன் 3 தேசிய இறுதி ஆட்டத்தில் வில்லியம்ஸ் 75-73 என்று விஸ்கான்சின்-வைட்வாட்டரிடம் தோற்றது. அதே ஆண்டு அவருடைய கோச் மைக் மேக்கர் வேறு கல்லூரிக்குப் போனார். மேக்கர் முன்பு ஜான் பைலைனிடம் உதவியாளராக இருந்தவர். அந்தப் பழக்கத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கோச்சாக இருந்த பைலைனிடம் அவர் பேசினார். ராபின்சன் மிச்சிகன் போய், அன்றைய விதிப்படி ஓர் ஆண்டு வெளியே உட்கார்ந்து, 2018-இல் தேசிய இறுதி ஆட்டம் ஆடினார். 2020-இல் மயாமிக்காக என்பிஏ இறுதிச் சுற்று ஆடினார். எந்தப் புரொஃபைல் பக்கமும் இடையில் வரவில்லை. ஒரு போன் அழைப்புதான்.

பேக்கேஜுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பைசாவும் செலவழிக்காமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பள்ளிக் கோச்சிடமோ கிளப் கோச்சிடமோ உட்கார்ந்து, 'எந்த ஐந்து கல்லூரிக் கோச்சுகளை உங்களுக்கு நேரடியாகத் தெரியும்? அவர்களில் யாரிடம் இவனைப் பற்றிப் பேசுவீர்கள்?' என்று கேட்பது. அவர் தயங்கினால் அந்தத் தயக்கமும் ஒரு தகவல்தான். நேர்மையான மதிப்பீடு அங்கேயே, இலவசமாகக் கிடைத்துவிட்டது.

புள்ளிவிவரம் எப்போது பேசும்

சேவைகள் தயாரிக்கும் அறிக்கையில் சராசரிப் புள்ளிகள் பெரிய எழுத்தில் நிற்கும். யாரை எதிர்த்து எடுத்தது என்பது இருக்காது. சிறிய கல்லூரிக் கூடைப்பந்துக்கு இந்தப் பாடம் 1953-லேயே தெரியும். ஒஹாயோவில் நூறு மாணவர்கள்கூட இல்லாத ரியோ கிராண்ட் கல்லூரியில் பெவோ ஃபிரான்சிஸ் ஜனவரி 1953-இல் ஒரே ஆட்டத்தில் 116 புள்ளி எடுத்தார். எதிரணி ஒரு ஜூனியர் கல்லூரி, அதாவது இரண்டாண்டுக் கல்லூரி. நாலாண்டுக் கல்லூரிகளுக்கு எதிரான ஆட்டங்கள் மட்டுமே சாதனையாகக் கணக்கில் வரும் என்று பிறகு முடிவானதும் அந்த 116 பதிவேட்டிலிருந்து போயிற்று. அவர் சளைக்கவில்லை, பிப்ரவரி 2, 1954 அன்று ஹில்ஸ்டேல் கல்லூரிக்கு எதிராக 113 எடுத்தார். அது நின்றது. அந்த எண்ணை நினைக்கும்போது இன்றும் மயிர்க்கூச்செறிகிறது. மூன்று புள்ளிக் கோடு என்ற ஒன்றே இல்லாத காலம் அது.

அதைத் தாண்ட 58 ஆண்டுகள் ஆயின. நவம்பர் 20, 2012 அன்று அயோவாவின் கிரின்னெல் கல்லூரியில் ஜாக் டெய்லர் 138 புள்ளி எடுத்தார். 108 முறை எறிந்து 52 விழுந்தன. அதில் மூன்று புள்ளி எறிதல் மட்டும் 71, விழுந்தவை 27. அதே ஆட்டத்தில் தோற்ற அணியின் ஒருவரும் 70 புள்ளி எடுத்தார். கிரின்னெல் கோச் டேவிட் ஆர்செனோ வகுத்த முறையே அப்படி: ஐந்து ஐந்து பேராக நிமிடத்துக்கு நிமிடம் மாற்றி, முழு மைதானத்திலும் அழுத்தி, முடிந்த அளவு விரைவாக எறிவது. டெய்லரின் கையைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. அந்த மாலையில் அத்தனை முறை எழும்பி எறிந்த கால்களுக்கே தனி வணக்கம் வைக்கலாம். ஆனால் ஒரு கோச் அந்தத் தாளைப் படிக்கும்போது எந்த முறை, எத்தனை எறிதல், எதிரே யார் என்பதைத்தான் முதலில் பார்ப்பார். உங்கள் பிள்ளையின் 24 புள்ளிச் சராசரியையும் அப்படித்தான் படிப்பார்.

ஆகவே கோச்சுக்கு அனுப்பும் புள்ளிவிவரத்தில் சராசரியைவிட இவை முக்கியம்: எறிதல் சதவீதம், ஃப்ரீ த்ரோ சதவீதம், பந்து இழப்புக்கு எத்தனை அசிஸ்ட், வலுவான மூன்று எதிரணிகளுக்கு எதிராகத் தனியே என்ன எடுத்தார். ஃப்ரீ த்ரோ சதவீதத்தைக் கோச்சுகள் எறியும் கையின் தரத்துக்கு அடையாளமாகப் பார்க்கிறார்கள். காவல் இல்லாமல் எறியும் ஒரே எறிதல் அது.

வீடியோ: இங்கே மட்டும் பணம் தகலாம்

பள்ளி அணி ஆட்டங்களைச் சரியாகப் பதிவு செய்யாவிட்டால், நல்ல பதிவுக்குப் பணம் கொடுப்பது நியாயம். 'எடிட்டிங்' என்று சேவைகள் சேர்க்கும் இசை, தீப்பொறி, மெதுவோட்டம் எதுவும் வேண்டாம். மூன்று அல்லது நான்கு நிமிடம் போதும். முதல் அட்டையில் பெயர், ஆண்டு, காலணி இல்லாத உயரம், ஜெர்சி எண். ஐந்து விநாடிக்கு மேல் வேண்டாம். முதல் முப்பது விநாடியில் மிகச் சிறந்த ஆறு ஆட்டத் துண்டுகள். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஆட்டக்காரர் யார் என்று ஒரு அம்புக்குறி, அரை விநாடி உறையும் படம்.

பெரும்பாலான வீடியோக்கள் கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று கேமரா கோணம். கூடைக்குப் பின்னால் நின்று போனில் எடுத்தால் பந்து விழுவது அழகாகத் தெரியும். மற்ற ஒன்பது பேர் எங்கே நின்றார்கள் என்பது தெரியாது. நடுக்கோட்டுக்கு நேரே, இருக்கைகளின் மேல் வரிசையில், ஜூம் செய்யாமல், பத்துப் பேரும் தெரியும்படி எடுக்க வேண்டும். இரண்டாவது, வெட்டும் இடம். பந்து கைக்கு வந்ததிலிருந்து வெட்டாமல், அதற்கு முன் நாலைந்து விநாடியிலிருந்து வைக்க வேண்டும். பந்து இல்லாதபோது எப்படி ஓடி இடம் பிடித்தார், கூட்டாளிக்காகத் திரை (ஸ்க்ரீன்) போட்டாரா, பந்து விழுந்த பின் திரும்பி ஓடினாரா என்பதைத்தான் கோச் தேடுகிறார்.

மூன்று புள்ளி எறிதல்களில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. பள்ளிக் கோடு 19 அடி 9 அங்குலம். கல்லூரிக் கோடு 22 அடி 1¾ அங்குலம். டிவிஷன் 2, 3 ஆண்களுக்கு 2020-21-இலிருந்தும் பெண்களுக்கு 2021-22-இலிருந்தும் அதுதான். இரண்டு அடிக்கு மேல் வித்தியாசம். பள்ளிக் கோட்டில் கால் ஒட்டி எறிந்து விழுந்தவற்றை அடுக்கினால் கோச்சுக்குப் பதில் கிடைக்காது. கோட்டுக்கு இரண்டரை அடி பின்னால் நின்று எறிந்தவற்றைத் தேடி முன்னால் வையுங்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால் வீடியோவுக்கு முன் செய்ய வேண்டிய வேலை பயிற்சிக் களத்தில் இருக்கிறது.

முழு ஆட்டம் இரண்டு கட்டாயம். ஒன்று ஜெயித்தது, ஒன்று தோற்றது என்றாலும் பரவாயில்லை. இரண்டும் வலுவான அணிக்கு எதிராக இருக்கட்டும். பந்து பறிபோன பின் முகம் எப்படி இருந்தது, பெஞ்சில் உட்கார்ந்தபோது என்ன செய்தார் என்பதுகூட அதில்தான் தெரியும். ஹைலைட் பார்த்து ஆர்வம் வந்த கோச் அடுத்து கேட்பது முழு ஆட்டத்தைத்தான். அப்போது 'தேடி அனுப்புகிறேன்' என்று ஒரு வாரம் போனால் அந்த வாய்ப்பு வேறு ஒருவருக்குப் போயிருக்கும்.

முகாம் அழைப்புகள்

'எலீட் கேம்ப்' அழைப்பு வந்ததைத் தேர்வானதாக எடுத்துக்கொள்வது மிகப் பொதுவான தவறு. முகாம் என்பது கல்லூரிக்கு வருமானம். அழைப்பு ஒரு பெரிய மின்னஞ்சல் பட்டியலுக்குப் போகும். உங்கள் பிள்ளையின் ஒரு குறிப்பிட்ட ஆட்டத்தை, ஒரு குறிப்பிட்ட திறனைக் குறித்து எழுதி, தன் போன் எண்ணைக் கொடுத்து அழைத்திருந்தால் போகலாம். சேவைகள் நடத்தும் ஷோகேஸ் என்றால் கேள்வி வேறு: எந்தக் கல்லூரிக் கோச்சுகள் இந்தத் தேதியில் நேரில் வருகிறார்கள்? 'இதுவரை வந்தவர்கள்' பட்டியல் கணக்கில் சேராது. ஒரு மைதானத்துக்கு எத்தனை ஆட்டக்காரர், ஒருவருக்கு எத்தனை நிமிடம் ஆட்டம் என்றும் கேளுங்கள்.

முகாம் கட்டணத்தைவிட, தேர்ந்தெடுத்த இரண்டு கல்லூரிகளுக்கு நேரில் போய் ஒரு பயிற்சியைப் பார்ப்பது நல்ல செலவு.

ஆலோசகர் தருவதும் தராததும்

நல்ல ஆலோசகர் தேதிகளை நினைவூட்டுவார். டிவிஷன் 2 கோச்சுகள் பதினொன்றாவதுக்கு முந்தைய ஜூன் 15-இலிருந்து போன் செய்யலாம், கல்லூரி வளாகத்துக்கு வெளியே சந்திக்கலாம். டிவிஷன் 3-இல் கடிதத்துக்கும் போனுக்கும் தடையில்லை. கல்லூரி செலவில் அழைக்கும் அதிகாரபூர்வ வருகை பதினொன்றாவதின் ஜனவரி 1 முதல். டிவிஷன் 2-க்கு என்சிஏஏ தகுதி மையத்தில் 16 முக்கியப் பாடங்கள், அவற்றில் 2.2 ஜிபிஏ. டிவிஷன் 3-இல் சேர்க்கை முடிவைக் கல்லூரியே எடுக்கிறது. உள்நாட்டு மாணவருக்குத் தகுதி மையத்தின் சான்று தேவையில்லை. வெளிநாட்டு மாணவராகச் சேர்பவருக்கு மட்டும் ஆகஸ்ட் 2023-இலிருந்து டிவிஷன் 3-இலும், பணத்துக்கு ஆடியவர் அல்ல என்று காட்டும் அமெச்சூர் சான்று வேண்டும். இதைப் பலர் கடைசி நேரத்தில்தான் கவனிக்கிறார்கள்.

இவை எல்லாம் அந்தந்த அமைப்பின் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. படித்துப் புரிந்துகொள்ள நேரமில்லாதவருக்கு ஆலோசகர் உதவி. ஆனால் பேக்கேஜில் பெரும்பாலும் வராத இரண்டு விஷயங்கள்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன.

முதலாவது ரோஸ்டர் கணக்கு, அதாவது அணியின் ஆட்டக்காரர் பட்டியலை எண்ணுவது. ஒவ்வொரு கல்லூரியின் விளையாட்டுத் தளத்திலும் பழைய ஆண்டுகளின் ரோஸ்டர் இருக்கும். மூன்று ஆண்டுக்கு முந்தைய ரோஸ்டரில் முதலாண்டு மாணவர் எத்தனை பேர், அவர்களில் இன்றைய ரோஸ்டரில் மிச்சம் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். ஒன்பது பேர் வந்து இரண்டு பேர் மிஞ்சினால், அங்கே கோச் கொடுக்கும் 'உனக்கு இடம் உண்டு' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று தெரிந்துவிடும். மாணவர் சேர்க்கைக்குத் திணறும் சிறிய கல்லூரிகள் சில, அணி எண்ணிக்கையைக் கூட்டி ஜேவி என்ற இரண்டாம் நிலை அணியும் வைத்து மொத்தச் சேர்க்கையை உயர்த்துகின்றன. ஜேவி அணியில் ஆடுவது தவறில்லை. தெரிந்து சேர வேண்டும். கூடவே, வேறு கல்லூரியிலிருந்து ட்ரான்ஸ்ஃபர்களாக வந்தவர்கள் எத்தனை என்றும் எண்ணுங்கள். 2018-இல், கல்லூரி மாற விரும்புபவர்கள் பெயர் பதியும் ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்து, 2021-இல் ஒரு முறை உடனடியாக மாறி ஆடலாம் என்றாகி, 2024-இல் அந்த வரம்பும் போன பின், மேல் மட்டக் கோச்சுகள் பள்ளி மாணவரைவிட இருபத்தொரு வயது அனுபவசாலியை எடுக்கிறார்கள். அந்த நெருக்கடி படிப்படியாகக் கீழே இறங்குகிறது. டிவிஷன் 2 இடம் கிடைத்திருக்க வேண்டிய பிள்ளை இன்று டிவிஷன் 3-இல் சேர்வதற்குத் திறன் குறைவு காரணமல்ல.

இரண்டாவது 'ப்ரீ-ரீட்'. வில்லியம்ஸ், ஆம்ஹெர்ஸ்ட், டஃப்ட்ஸ் போன்ற கல்லூரிகள் உள்ள நெஸ்காக் கூட்டமைப்பில், கடைசி ஆண்டுக்கு முந்தைய ஜூலை 1 முதல் கோச் உங்கள் மதிப்பெண் பட்டியலையும் கடைசி ஆண்டுப் பாடத் தேர்வையும் சேர்க்கை அலுவலகத்துக்குக் கொடுத்து முன்கூட்டியே கருத்துக் கேட்பார். கோச் ப்ரீ-ரீடுக்கு ஆவணம் கேட்டால் அதுதான் உண்மையான ஆர்வம். சாதகமான பதில் வந்தால் பெரும்பாலும் 'ஏர்லி டிசிஷன்' முறையில் விண்ணப்பிக்கச் சொல்வார். அது கட்டுப்படுத்தும் முறை. இடம் கிடைத்தால் போயாக வேண்டும். அதனால் நிதியுதவிக்கும் தனியாக ஒரு ப்ரீ-ரீட் கேட்டு, எண்ணைக் கையில் வாங்கிய பிறகே கையெழுத்திடுங்கள்.

சிறிய கல்லூரி என்றால் சிறிய ஆட்டமா?

விற்பனை போனில் இன்னொரு வார்த்தையும் வரும்: 'குறைந்தபட்சம் டிவிஷன் 3-ஆவது'. பின்னாளில் என்பிஏ நட்சத்திரமான ஏர்ல் மன்ரோ பிலடெல்பியாவில் ஷிப்பிங் கிளார்க்காக வேலை பார்த்துவிட்டு வின்ஸ்டன்-சேலம் ஸ்டேட்டில் கிளாரன்ஸ் 'பிக் ஹவுஸ்' கெயின்ஸிடம் ஆட வந்தவர். 1966-67-இல் ஆட்டத்துக்கு 41.5 புள்ளி எடுத்து அந்தக் கல்லூரிக்கு என்சிஏஏ-வின் சிறிய கல்லூரிகளுக்கான 1967 'கல்லூரிப் பிரிவு'ப் பட்டம் வாங்கித் தந்தார். வில்லிஸ் ரீட் கிராம்ப்ளிங்கில் 1961 என்ஏஐஏ பட்டம் வென்ற அணியில் இருந்தவர். டென்னசி ஏ அண்ட் ஐ, ஜான் மெக்லெண்டன் பயிற்சியில் 1957, 58, 59 என்று மூன்று ஆண்டும் என்ஏஐஏ பட்டத்தைத் தட்டிச் சென்றது. டிக் பார்னெட் அந்த அணிக்காரர். இவர்கள் கறுப்பினக் கல்லூரிகளில் ஆடியது ஆட்டம் போதாததால் அல்ல. தெற்கின் பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பின ஆட்டக்காரர்களுக்குக் கதவடைத்திருந்தன. தெற்கின் எஸ்இசி கூட்டமைப்பில் முதல் கறுப்பினக் கூடைப்பந்து ஆட்டக்காரராகப் பெர்ரி வாலஸ் களமிறங்கியதே 1967-இல்தான்.

பின்னால் வந்தவர்களும் உண்டு. டிக் பென்னெட் பயிற்சியில் விஸ்கான்சின்-ஸ்டீவன்ஸ் பாயிண்டில் ஆடிய டெர்ரி போர்ட்டர் 1985 டிராஃப்டில் 24-ஆவது ஆள். வர்ஜீனியா யூனியனிலிருந்து சார்ல்ஸ் ஓக்லி அதே ஆண்டு ஒன்பதாவது ஆள். அதே கல்லூரியின் பென் வாலஸை 1996-இல் யாருமே எடுக்கவில்லை, 2021-இல் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார். ஆக்ஸ்பர்க் கல்லூரியின் டெவீன் ஜார்ஜ் 1999-இல் டிவிஷன் 3-இலிருந்து முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்ட முதல் ஆட்டக்காரர். பெண்கள் பக்கம், மிசிசிப்பியின் டெல்டா ஸ்டேட்டில் லூசியா ஹாரிஸ் 1975 முதல் 77 வரை தொடர்ந்து மூன்று தேசியப் பட்டங்கள். 'குறைந்தபட்சம்' என்ற சொல் இந்தப் பெயர்களுக்கு முன்னால் நிற்காது.

யார் கட்டலாம், கட்டும்முன் என்ன பார்ப்பது

பள்ளிக் கோச்சுக்கு ஈடுபாடு இல்லை, ஆட்டங்கள் பதிவாவதில்லை, கல்லூரிகள் தொலைவில் இருக்கின்றன என்ற நிலையில் இருப்பவர்கள், வீடியோவும் ஆலோசனையும் மட்டும் உள்ள கீழ்த்தட்டுப் பேக்கேஜை எடுக்கலாம். மேல்தட்டில் கூடுதலாக வருவது மின்னஞ்சல் எண்ணிக்கைதான்.

ஒப்பந்தத்தில் நான்கு இடங்களைப் படியுங்கள். மாதத் தவணை நீங்கள் நிறுத்தினாலும் ஓடுமா? மதிப்பீட்டு அறிக்கை கொடுத்ததும் 'சேவை வழங்கப்பட்டுவிட்டது' என்று பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை போய்விடுகிறதா? வெட்டிய வீடியோவின் மூலக் கோப்பு உங்களுக்குக் கிடைக்குமா, சந்தா முடிந்ததும் இணைப்பு அணைந்துவிடுமா? ஆலோசகர் இடையில் வேலையை விட்டால் யார் வருவார்?

நான்காவது கேள்வியோடு நிறுத்தாமல் கட்டண முறையையும் பாருங்கள். 'ஸ்காலர்ஷிப் கிடைத்தால் மட்டும், அதில் இத்தனை சதவீதம்' என்று யாராவது கேட்டால் உடனே விலகுங்கள். உதவித்தொகையோடு இடம் வாங்கித் தருவதற்கென்று கட்டணம் வாங்குபவரை என்சிஏஏ விதி ஏஜெண்டாகக் கருதுகிறது. ஆட்டக்காரரின் தகுதியே போகலாம். முன்கூட்டியே பேசி முடித்த நிலையான கட்டணம் மட்டுமே பாதுகாப்பு. அப்படியொரு தாளில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், ரெக்ரூட் செய்யும் கல்லூரியின், விதிகளைக் கண்காணிக்கும் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்தில் அதை மறைக்காமல் காட்டி, சேர்வதற்கு முன்பே எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள்.